அப்பாவின் ஸ்பிளெண்டரை யாரிடம் கொடுப்பது?

கேள்வி: ஐயா, என் அப்பா 2005-இல் வாங்கிய ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர் பிளஸ், மன்னார்குடி வீட்டில் திண்ணையோரம் நிற்கிறது. கூட்டுறவுச் சங்க வேலையாக ஊர் ஊராகச் சுற்றியவர் அவர். மீட்டர் ஒரு முறை 99,999-ஐத் தாண்டி மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடங்கி, இப்போது 64 ஆயிரத்தைக் காட்டுகிறது. சென்ற ஆண்டு அப்பா தவறிவிட்டார். நான் சென்னையில் இருக்கிறேன், தம்பி வெளிநாட்டில். அம்மா மட்டும்தான் ஊரில். வண்டி ஓடி ஓர் ஆண்டு ஆகப்போகிறது. ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. 2020-இல் அவர் புதுப்பித்த பதிவும் 2025-இல் முடிந்துவிட்டது.

ஷோரூமில் எக்ஸ்சேஞ்சுக்கு 4,000 ரூபாய் தருகிறார்கள். பழைய வண்டி வாங்கி விற்கும் கன்சல்டிங் கடைக்காரர் 9,000 தருகிறாராம், ஆர்.சி. புத்தகத்தைக் கொடுத்தால் போதும், அப்பாவின் கையெழுத்தைத் தாங்களே பார்த்துக்கொள்வார்களாம். எதிர்வீட்டுக் கல்லூரி மாணவர் 12,000 தரத் தயார். ஆனால் பின்பக்கத்தை வெட்டி ரேஸ் வண்டிபோல மாற்றப் போகிறாராம். எங்களுக்குப் பால் ஊற்றுபவரும் கேட்டார். அவரால் 6,000 தான் முடியும், அதுவும் இரண்டு தவணையில். கேனை மாட்டி வண்டியை ஒரே வருடத்தில் உருக்குலைத்துவிடுவார் என்று அம்மா தயங்குகிறார். பதினைந்து வருடம் தாண்டிய வண்டியை அரசே பறிமுதல் செய்துவிடும் என்று யாரோ சொன்னதில் அவருக்குப் பயம் வேறு. விலை எங்களுக்குப் பெரிதில்லை. வண்டி நல்ல கையில் சேர வேண்டும். பெயின்ட் அடித்துக் கொடுக்கலாமா?

— வாசகி, சென்னை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பால்காரருக்குக் கொடுங்கள். ஆனால் நாளைக்கே சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட வேண்டாம். ஆர்.சி.யில் அவர் பெயர் ஏறிய பிறகு கொடுங்கள். என் பதில் இவ்வளவுதான், இனி காரணங்கள்.

முதலில் அம்மாவின் பயத்தைத் தீர்த்துவிடலாம். பெட்ரோல் வண்டிக்கு 15 ஆண்டு, டீசல் வண்டிக்கு 10 ஆண்டு என்ற கெடுபிடி டெல்லிக்கும் அதைச் சுற்றிய தலைநகர் வட்டாரத்துக்கும் உரியது. செய்தியில் டெல்லி என்ற சொல் காதில் விழாமல் மற்றதெல்லாம் விழுந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் சொந்த உபயோக வண்டிக்கு முதல் 15 ஆண்டு முடிந்ததும், வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். நம் ஊரில் எல்லாரும் 'எஃப்.சி. காட்டுவது' என்று சொல்வது இதைத்தான். வண்டி நல்ல நிலையில் இருக்கும்வரை யாரும் வந்து பிடுங்கிக்கொண்டு போக மாட்டார்கள். ஆனால் பதிவு முடிந்த வண்டியைச் சாலையில் ஓட்டக் கூடாது. 'ஒரு ரவுண்டு போய்ப் பார்க்கிறேன்' என்று வருகிறவருக்கும் இப்போது கொடுக்காதீர்கள்.

அடுத்து, ஒரு லட்சத்து அறுபத்து நாலாயிரம் கிலோமீட்டர். கேட்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். பட்டறையில் இருக்கிற எங்களுக்கு இது அதிர்ச்சி தரும் கணக்கு இல்லை. 97.2 சிசி என்ஜின், நாலு கியர், வேகத்துக்கு ஆசைப்படாத வண்டி. 1985-இல் சி.டி. 100 வந்த காலத்திலிருந்தே இந்தக் குடும்பத்து என்ஜின் நம் சாலைகளில் ஓடுகிறது. ஹீரோவும் ஹோண்டாவும் பிரிந்த பிறகும் ஸ்பிளெண்டர் பிளஸ் விற்பனையில் இருக்கிறது. அதனால் ஆணியிலிருந்து பிளாக் வரை எந்தச் சிற்றூரிலும் உதிரிபாகம் கிடைக்கும். மீட்டர் காட்டும் எண்ணைவிட நான் கேட்பது வேறு: பிளாக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் உருளை, எத்தனை முறை போர் செய்யப்பட்டிருக்கிறது (தேய்ந்த உட்சுவரைக் குடைந்து பெரிதாக்கப்பட்டிருக்கிறது)? ஹெட்டைக் கழற்றினால் பிஸ்டனின் தலையில் 25, 50, 75 என்று ஏதாவது ஓர் எண் அச்சிட்டிருக்கும். முதல் பிஸ்டனைவிட 0.25, 0.50 மில்லிமீட்டர் பெரிது என்று பொருள். எண் எதுவும் இல்லையென்றால் அப்பா வண்டியை அபாரமாக வைத்திருந்திருக்கிறார். 100 என்று இருந்தால் அடுத்த முறை புது பிளாக்தான். இதற்காக இப்போதே என்ஜினைப் பிரிக்க வேண்டாம். அப்பா வழக்கமாக வண்டி விட்ட மெக்கானிக் மன்னார்குடியில்தானே இருப்பார்? ஒரு போன் செய்தால் மனப்பாடமாகச் சொல்லுவார்.

இனி, கேட்டு வந்தவர்கள்.

ஷோரூமின் 4,000 ரூபாய்க்கு வண்டி எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை. மொத்தமாக எடுக்கும் வியாபாரிக்குப் போய், அங்கிருந்து இன்னொருவருக்குப் போய், ஓட்டுவதைவிடப் பிரித்து விற்பதில் லாபம் அதிகம் என்றால் சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடத்தில் உதிரிகளாகி முடியும். அது பாவம் என்று நான் சொல்லவில்லை. என் பட்டறைக்கே அப்படி வந்த உதிரிகள் உதவியிருக்கின்றன. நீங்கள் கேட்டது அதை அல்ல.

கன்சல்டிங் கடைக்காரரின் பேச்சுதான் எனக்குக் கோபத்தை வரவழைத்தது. 'கையெழுத்தைப் பார்த்துக்கொள்வது' என்றால் இறந்துபோன மனிதரின் கையெழுத்தை யாரோ போடுவார்கள். போலிக் கையெழுத்துக் குற்றம் அது. அதில் வீட்டார் நீங்கள் சேர்ந்துகொள்கிறீர்கள். நேர்மையாகத் தொழில் செய்யும் கன்சல்டிங் கடைகள் நிறைய உண்டு. அவர்கள் முதலில் கேட்பது வாரிசுச் சான்றிதழைத்தான்.

கல்லூரி மாணவர்மேல் எனக்குக் கோபமில்லை, வயது அப்படி. ஆனால் பின்பக்க ஃபிரேமை வெட்டினால் ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் வண்டிக்கும் பொருத்தம் இருக்காது. உற்பத்தியாளர் தந்த அமைப்பை அப்படி மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. அடுத்த எஃப்.சி.யில் அந்த வண்டி நிற்காது. அழகுக்காக வெட்டப்பட்ட ஸ்பிளெண்டர்கள் பல, பாதி வேலையோடு சாக்கு போர்த்திக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். யமஹா ஆர்.எக்ஸ். 100 மாதிரி, 1996-இல் நின்றுபோன வண்டியென்றால் ஆசையாக வாங்கித் துடைத்து வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. ஸ்பிளெண்டருக்கு அந்த ரசிகர் கூட்டம் இல்லை. வேலைக்கு வேண்டும் என்று கேட்பவரிடம்தான் அது பிழைக்கும்.

ஆகவே பால்காரர். அம்மாவின் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் கணக்கைப் பாருங்கள். 40 லிட்டர் கேன் இரண்டு நிறைந்தால் பால் மட்டும் 80 கிலோவைத் தாண்டும். கேன், கம்பிச் சட்டம் எல்லாம் சேர்த்தால் பின்னால் ஒரு பெரிய ஆள் உட்கார்ந்த கணக்கு. இருவர் போவதற்காகச் செய்த வண்டிக்கு இது தாங்காத சுமை இல்லை. சிக்கல், சுமை உட்காரும் இடத்தில். கேன்கள் பின்சக்கரத்தின் இரு பக்கமும் தள்ளித் தொங்குவதால் பின் ஷாக் அப்சார்பரும், ஸ்விங் ஆர்ம் புஷ்ஷும், பின்சக்கர ஸ்போக்கும் அடி வாங்கும். ஐம்பது அடிக்கு ஒரு வாசலில் நிறுத்தி எடுப்பதால் கிளட்ச் பிளேட்டும் பிரேக் ஷூவும் சீக்கிரம் தேயும். எல்லாமே மாற்றக்கூடிய, விலை அதிகமில்லாத சாமான்கள். தினமும் விடியற்காலையில் ஸ்டார்ட் ஆகி, சூடேறி, ஆயில் ஓடும் என்ஜின்தான் நீண்ட நாள் வாழும். திண்ணையோரம் நிற்பதுதான் அதற்கு ஆகாது.

அவர் வண்டியை எப்படி வைத்துக்கொள்வார் என்று அவரிடம் கேட்டுப் பயனில்லை. எல்லாரும் நன்றாக வைத்துக்கொள்வேன் என்றுதான் சொல்லுவார்கள். இப்போது அவர் ஓட்டும் வண்டியைப் பாருங்கள். அனேகமாக ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லாக இருக்கும். வண்டி அழுக்காக, தகரம் நசுங்கியிருந்தால் பரவாயில்லை, தொழில் வண்டி அப்படித்தான் இருக்கும். செயினைத் தொடுங்கள். விரலில் எண்ணெய் ஒட்டினால் நல்ல கை. செம்பழுப்புத் துரு உதிர்ந்தால் யோசியுங்கள். பிரேக் கேபிள் நூலாகப் பிரிந்து தொங்குகிறதா, ஹெட்லைட் எரிகிறதா என்றும் பாருங்கள். விடியற்காலை நாலரைக்கு ஓட்டுகிறவர் விளக்கில்லாமல் ஓட்டினால், அப்பா வண்டியிலும் அப்படியே ஓட்டுவார்.

இன்னொன்று, பலர் தவறவிடுவது. எக்ஸ்.எல். கியர் இல்லாத வண்டி. அவரிடம் கியர் இல்லாத வண்டிக்கான உரிமம் மட்டும் இருக்கலாம். அதை வைத்துக்கொண்டு ஸ்பிளெண்டர் ஓட்ட முடியாது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் புரட்டிப் பார்ப்பது அதைத்தான். உரிம அட்டையை வாங்கி, கியர் உள்ள மோட்டார் சைக்கிள் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், உங்கள் காகித வேலை நடக்கும் மாதங்களிலேயே அவர் பழகுநர் உரிமம் எடுத்துத் தேர்வையும் முடித்துவிடலாம்.

அந்தக் காகித வேலைதான் இதில் பெரிய பங்கு. பதிவு பெற்ற உரிமையாளர் இறந்தால் வாரிசு 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் ஃபாரம் 31-இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். துக்க வீட்டில் யாருக்கு இது நினைவிருக்கும்? கெடு தாண்டிவிட்டதால் வழி அடைந்துவிடவில்லை, தாமதக் கட்டணம் கேட்பார்கள். அப்பா பெயரிலிருந்து நேராகப் பால்காரர் பெயருக்குப் போக முடியாது; முதலில் வாரிசு ஒருவர் பெயருக்கு வர வேண்டும். அம்மா பெயருக்கு மாற்றுங்கள். அவர் மன்னார்குடி முகவரியில் இருக்கிறார், அலுவலகமும் அங்கேயே. உங்கள் பெயருக்கு என்றால் சென்னை முகவரி, வேறு அலுவலகம் என்று வேலை இரட்டிப்பாகும்.

அசல் ஆர்.சி., இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் மூன்றையும் எடுத்து வையுங்கள். உங்களிடமும் தம்பியிடமும் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் கேட்பார்கள். தம்பி வெளிநாட்டில் இருப்பதால் அது எந்த வடிவில் வேண்டும் என்று அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பாதி வழியில் கேட்டால் இரண்டு மாதம் போய்விடும். ஆர்.சி.யில் வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2005-இல் தவணைக்கு வாங்கி, 2008-இல் கடன் தீர்ந்து, குறிப்பை மட்டும் நீக்காமல் விட்ட வண்டிகள் ஏராளம். இருந்தால் அந்த நிறுவனத்தின் கடிதமும் ஃபாரம் 35-ம் வேண்டும். காப்பீட்டை இறந்தவர் பெயரிலேயே இணையத்தில் புதுப்பித்துவிடாதீர்கள். நிறுவனத்திடம் விஷயத்தைச் சொல்லி, மூன்றாம் நபர் காப்பீடாவது எடுங்கள். இந்த வயது வண்டிக்கு அது போதும். புகைச் சான்றும் வேண்டும்.

பதிவைப் புதுப்பிக்க ஃபாரம் 25. இருபது ஆண்டைத் தாண்டிய இருசக்கர வண்டிக்கு இந்தக் கட்டணத்தை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாயாக உயர்த்திவிட்டது, அதற்குமுன் 1,000. இதோடு பசுமை வரி, தாமதித்த மாதங்களுக்குக் கூடுதல் கட்டணம். ஆறாயிரம் ரூபாய் வண்டிக்கு இவ்வளவா என்று அம்மா கேட்பார். கேட்கட்டும். விலை பெரிதில்லை என்று நீங்கள் எழுதியதை நம்பித்தான் இந்த வழியைச் சொல்கிறேன்.

ஆய்வாளரிடம் வண்டியைக் காட்டும்போது சேசிஸ் எண்ணின் பென்சில் நகல் கேட்பார்கள். எண், ஹேண்டில்பாருக்குக் கீழே ஃபிரேமின் கழுத்தில் பொறித்திருக்கும். இருபது வருடத் தூசியும் கிரீஸும் அதன்மேல் இருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஊறவைத்துத் துடையுங்கள், மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கையாகத் தேய்த்தால் எழுத்து எழும்பி வரும். உப்புத்தாள் மட்டும் போடாதீர்கள், போட யாரையும் விடாதீர்கள். தேய்ந்த எண்ணைப் பார்த்தால் அழித்துப் பொறித்ததோ என்ற சந்தேகம் வந்துவிடும். அப்புறம் வண்டியின் பூர்வ கதையை நீங்கள் நிரூபிக்க வேண்டும். பதிவு முடிந்த வண்டி என்பதால் ஓட்டிக்கொண்டு போகாமல், ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது உத்தமம்.

பெயின்ட் வேண்டாம். புதுப் பெயின்டைப் பார்க்கும் எவரும் உள்ளே என்ன மறைத்திருக்கிறார்கள் என்றுதான் கேட்பார்கள். நிறம் மாறினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். அந்தப் பணத்தை வேறு இடத்தில் போடுங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. அவ்வளவு பழையது என்றால் பூ (மேல் வரிப்பள்ளம்) தேயாமல் இருந்தாலும் மாற்றுங்கள். பேட்டரி செத்திருக்கும். அது இல்லாமலும் இந்த வண்டி கிக்கில் ஸ்டார்ட் ஆகிவிடும், ஆனால் ஹாரனும் இண்டிகேட்டரும் வேலை செய்யாது, எஃப்.சி.யும் கிடைக்காது.

ஓர் ஆண்டு நின்ற வண்டியை எடுத்த எடுப்பில் உதைக்க வேண்டாம். டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை முழுக்க வடியுங்கள். இப்போதைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது; அது ஈரத்தை இழுக்கும், டேங்கின் உள்ளே துரு பிடிக்கும், பழைய ரப்பர் குழாயும் உப்பிப்போகும். குழாயை மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஆயிலை மாற்றி, பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் சில சொட்டு ஆயில் விட்டு, கிக்கரைக் கையால் மெல்ல நாலைந்து முறை அழுத்தச் சொல்லுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து புகையைக் கவனியுங்கள். முதல் ஓரிரு நிமிடம் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் அது துளையில் விட்ட ஆயில் எரிவதாக இருக்கலாம்; அடுத்த நாள் முதல் ஸ்டார்ட்டிலும் அப்படியே வந்து நின்றால் வால்வு சீல் கெட்டிருக்கிறது, சின்ன வேலை. சூடேறிய பிறகும் ஆக்சிலேட்டரைத் திருகும்போதெல்லாம் புகை வந்தால் ரிங்கும் போரும் தேய்ந்துவிட்டன. அதை நீங்கள் செய்து கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்; வேண்டுமானால் விலையில் குறைத்துக்கொள்ளுங்கள். புகைச் சான்றே கிடைக்காத அளவுக்கு மோசம் என்று மெக்கானிக் சொன்னால், செலவு எட்டாயிரம் பத்தாயிரம் என்று ஏறினால், இத்தனையும் வேண்டாம். அரசு பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் ஒப்படைத்து, சான்று வாங்கி, பதிவை ரத்து செய்துவிடுங்கள். காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டுப் பதிவை அப்படியே விடுவதுதான் கூடாது.

அம்மா பெயருக்கு ஆர்.சி. வந்ததும் ஃபாரம் 29, 30 இரண்டையும் நிரப்பி, அம்மாவும் பால்காரரும் அவரவர் இடத்தில் கையெழுத்திட்டுப் பெயர் மாற்றத்துக்குக் கொடுங்கள். தேதியும் பெயரும் போடாத வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். இரண்டாம் தவணை வரும்வரை ஆர்.சி.யைப் பிடித்து வைத்துக்கொள்ளலாமே என்று உறவினர் யாராவது யோசனை சொல்லுவார். தவணை வராவிட்டால் உங்களுக்கு நஷ்டம் மூவாயிரம் ரூபாய். பெயர் மாறாத வண்டி ஒரு ஆளை இடித்துவிட்டால் இழப்பீடு அம்மா தலையில் லட்சக்கணக்கில் விழும். பல கை மாறிய ஒரு வண்டியின் விபத்து வழக்கில், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விற்றுவிட்டேன் என்று வெள்ளைத்தாளில் எழுதி வாங்கியது அங்கே உதவாது. பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் பெயர் மாறிவிட்டதா என்று நீங்கள் சென்னையிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். மாறிய பிறகு காப்பீட்டையும் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள அவரிடம் சொல்லுங்கள்.

சாவி இரண்டையும் கொடுத்துவிடுங்கள். அப்பா ஆயில் மாற்றிய தேதி குறித்த நோட்டு ஏதாவது இருந்தால், அதைப் படமெடுத்து அவருக்கு அனுப்பிவிட்டு அசலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பின் ஷாக் அப்சார்பரை மட்டும், கேன் மாட்டுவதற்கு முன்பே மாற்றிவிடச் சொல்லுங்கள். அதற்காக விலையில் ஐநூறு குறைத்தாலும் தகும். இரண்டாம் தவணைக்கு நீங்கள் நினைவுபடுத்திக்கொண்டே இருக்க வேண்டாம் என்றால் ஒரு வழி உண்டு: அம்மா தினம் வாங்கும் பாலின் மாதக் கணக்கில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்ளட்டும்.